தாங்க முடியாதவர்

ரூசே
9 அக்டோபர் 2018

அன்புள்ள அப்பாவுக்கு,

பிலியானா எழுதுகிறேன். நான் நலம். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? என்ஜின் அறை ஏணியில் ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஏறி இறங்குகிறீர்கள் என்று அம்மா என்னைத்தான் கேட்கிறாள், ஏதோ நான் கூடவே ஏறுவது மாதிரி. கப்பலுக்குப் படமும் குரலும் வராது, எழுத்து மட்டும்தான் வரும் என்பதால் நீளமாகவே எழுதப் போகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

விடுதியில் அறையைச் சூடேற்றும் குழாய்களை இன்னும் திறந்துவிடவில்லை. என் அறைத்தோழி தெயோதோரா கோட்டோடு தூங்குகிறாள். போய்க் கேட்டால், “இன்னும் குளிர்காலம் ஆரம்பிக்கலையே” என்கிறார்கள்.

இந்த வருஷம் விருப்பப் பாடம் ஒன்று எடுத்தாக வேண்டும். காலை எட்டு மணிக்கு இல்லாத ஒரே பாடம் ‘பாலினமும் சமூகமும்’. அதனால் எடுத்தேன். வகுப்பில் பாதிப் பேர் அதே காரணத்துக்காக வந்தவர்கள். மீதிப் பேர் சண்டை பார்க்க வந்தவர்கள். பாலினம், அதாவது ‘ஜெண்டர்’ என்ற வார்த்தை ஊரில் படும் பாடு உங்களுக்குத் தெரியும். எங்கள் தெருவில் பையன்கள் பந்துக்கு அடித்துக்கொள்ளும்போதுகூட “போடா ஜெண்டர்” என்று திட்டிக்கொள்கிறார்கள். அப்படியென்றால் என்னடா என்று கேட்டால் ஓடிவிடுகிறார்கள்.

பாடம் எடுப்பவர் பேராசிரியை மிதோவா. அறுபதை நெருங்கியவர். சிரிக்க மாட்டார். காகிதத்தைப் பார்த்தே வாசிப்பார். ஜன்னலைத் திறந்தால் மூடுவார், மூடினால் யார் மூடியது என்பார். முதல் வகுப்பிலேயே பிளாமென் எழுந்து, “பொம்பளைங்க வீட்ல இருந்தா குடும்பம் நல்லா இருக்கும், இது என் கருத்து மேடம்” என்றான். அவர் தலையைத் தூக்காமலே, “இது கருத்து இல்ல, ஏப்பம். வெளியில போய் விட்டுட்டு வந்து உட்காரு” என்றார். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். உடனே என் பக்கம் திரும்பி, “நீ எதுக்குச் சிரிச்சே? அவனுக்குப் பதில் உனக்குத் தெரியுமா? தெரிஞ்சா சொல்லு” என்றார். எனக்குத் தெரியவில்லை. “அப்ப நீயும் சும்மாதான் சிரிச்சிருக்கே” என்று வாசிக்கத் தொடங்கிவிட்டார்.

எரிச்சல் எரிச்சலாக வந்தது. ஆனால் அன்று முழுக்க அந்தப் பதிலைத்தான் தேடிக்கொண்டிருந்தேன்.

அம்மாவிடம் பாடத்தின் பெயரைச் சொல்ல வேண்டாம். ‘குடும்பவியல்’ என்று சொல்லி வைத்திருக்கிறேன். என் ஞானத்தந்தை ஜிவ்கோ மாமாவுக்கு முத்தங்கள்.

உங்கள் மகள்
பிலி


கப்பலிலிருந்து
27 அக்டோபர் 2018

பிலி,

கடிதம் வந்தது. உடம்புக்கு ஒன்றுமில்லை. முழங்கால் அதன் இஷ்டத்துக்கு இருக்கிறது. சாந்தோஸ் போய்ச் சோளம் ஏற்ற வேண்டும். கடல் அமைதி. சமையல்காரன்தான் அமைதியைக் கெடுக்கிறான். முட்டைக்கோஸைத் தவிர வேறு காய் உலகத்தில் விளைகிறது என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

நான் பன்னிரண்டாயிரம் குதிரைத்திறன் இயந்திரத்தோடு மல்லுக்கட்டி உன்னைப் படிக்க அனுப்பினால், நீ போய் இதையா படிப்பாய்? எட்டு மணிக்கு எழுந்து புள்ளியியல் படித்தால் உயிரா போய்விடும்? உன் கடிதத்தை ஜிவ்கோவிடம் படித்துக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தான். “ஞானஸ்நானத் தொட்டியில நல்லா முக்கி எடுத்தேனே, அப்பவும் இப்படி ஆயிட்டாளே” என்கிறான். மூன்று கப்பல்களில் அவன் எனக்கு இரண்டாம் பொறியாளர். அவன் இல்லாவிட்டால் இந்த மாதங்களை எப்படித் தள்ளுவேன் என்று தெரியவில்லை.

உன் பேராசிரியை மட்டும் கொஞ்சம் பிடித்திருக்கிறது. ஏப்பம் நல்ல வார்த்தை. எங்கள் கேப்டனின் உத்தரவுகளுக்கும் பொருந்தும்.

இந்த முறை பயிற்சிப் பொறியாளராக ஒரு பெண் வந்திருக்கிறாள். பெயர் இஸ்க்ரா, புர்காஸ்காரி. உன் வயதுதான். முதல் நாள் தலைமைப் பொறியாளரான நானே ஸ்பேனரை நீட்டியபோது, “சீஃப், இது தேஞ்சு போச்சு, வேற குடுங்க” என்றாள். வாய் ஜாஸ்தி. வேலையும் ஜாஸ்தி. சாப்பாட்டு மேசையில் எல்லோரையும் பேர் சொல்லிக் கலாய்க்கிறாள். கப்பலில் பேசிக்கொள்ளத் துணை இல்லை என்பதால் உன் முகவரியைக் கொடுத்தேன். எழுதினால் பதில் போடு.

பாடத்தை மாற்ற முடியுமா என்று விசாரி. கழுத்துக்குத் துணி சுற்றிக்கொள்.

அப்பா
லியூபென்


ரூசே
18 டிசம்பர் 2018

அன்புள்ள அப்பாவுக்கு,

சளி பிடித்து விட்டுவிட்டது. நீங்கள் எப்படி? இஸ்க்ரா எழுதினாள். கேப்டன் நடப்பதை அவள் எழுதியிருந்த விதத்துக்கு நானும் தெயோதோராவும் வயிறு வலிக்கச் சிரித்தோம். என்னைவிட நன்றாக எழுதுகிறாள்.

பாடத்தை மாற்றவில்லை. மாற்றும் காலம் முடிந்துவிட்டது என்று சொல்லிக்கொள்கிறேன். உண்மையில் எனக்குப் போகப் பிடித்திருக்கிறது. அவரைத்தான் பிடிக்கவில்லை. என் கட்டுரையைத் திருப்பிக் கொடுக்கும்போது எல்லோர் முன்னாலும், “இருபது வரி எழுதியிருக்கே. சொன்னது ஒரு வரி. மீதிப் பத்தொன்பதும் அதுக்குப் போட்ட அலங்காரம்” என்றார். கழிப்பறைக்குப் போய் அழுதேன். திரும்பி வந்து பார்த்தால் அவர் சொன்னது சரி. அது இன்னும் எரிச்சல்.

இப்போது நடந்ததைக் கேளுங்கள். ஒவ்வொரு பாடத்தைப் பற்றியும் மாணவர்கள் கருத்து எழுதித் தரவேண்டும், பெயர் போட வேண்டாம் என்று கல்லூரி கேட்டது. எழுதினோம். யாரோ அதையெல்லாம் வெளியே கொடுத்துவிட்டார்கள். உள்ளூர்ச் செய்தித் தளம் ஒன்று போட்டுவிட்டது. “மேடம் ஆம்பளைங்களை வெறுக்கிறாங்க” என்று ஒருவன். அது பிளாமென்தான், அவன் எழுத்துப் பிழைகூட அப்படியே இருக்கிறது. “என்னை மாத்தப் பாக்கறாங்க” என்று இன்னொருவன். எதுவாக மாற்றப் பார்க்கிறார் என்று அவன் எழுதவில்லை. “வகுப்பறை குளிருது” என்று ஒருத்தி. அதையும் கொடுமைப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். “எங்க அம்மா சாப்பிடும்போது உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லன்னு இந்த வகுப்புலதான் தெரிஞ்சுது” என்று யாரோ எழுதியிருந்தார்கள். அதைப் போடவில்லை. அலுவலகத்தில் கொடுக்கும் முன் அதைப் படித்தவள் சொல்லித்தான் எனக்கே தெரியும்.

நான் எழுதியது இது: “பாடம் இந்தக் கல்லூரியில் நான் படித்ததிலேயே சிறந்தது. ஆசிரியர் தாங்க முடியாதவர்.”

செய்தியின் தலைப்பு என்ன தெரியுமா? ‘“தாங்க முடியாதவர்” – ஜெண்டர் பேராசிரியையால் மாணவர்கள் கண்ணீர்.’

நான் அந்தத் தளத்துக்குத் தொலைபேசியில் பேசினேன். ஒரு பையன் எடுத்தான். “பாதியை வெட்டிட்டீங்க” என்றேன். “நீங்க எழுதினதுக்கு என்ன ஆதாரம்? பேர் இல்லையே” என்றான். “அப்ப யார் எழுதினதுன்னு தெரியாமலே போட்டீங்களா?” என்றேன். “புத்தாண்டு வாழ்த்துகள்” என்று வைத்துவிட்டான்.

அடுத்த புதன்கிழமை மிதோவா எதுவும் நடக்காத மாதிரி வந்து காகிதத்தை எடுத்து வாசித்தார். அன்று யாரும் ஜன்னலைத் தொடவில்லை.

கிறிஸ்துமஸுக்கு அம்மாவிடம் போகிறேன். உங்கள் தட்டையும் மேசையில் வைப்போம்.

பிலி


கப்பலிலிருந்து
4 ஜனவரி 2019

பிலி,

புத்தாண்டில் நீயும் அம்மாவும் திடமாக இருக்க வேண்டும். இங்கே எல்லோரும் நலம். கடல் கொஞ்சம் கோபமாக இருக்கிறது. டர்பன் போகிறோம். ஒரு பம்பு படுத்துகிறது.

செய்தித்தளத்தோடு சண்டை போடாதே. நீ எழுதினது உனக்குத் தெரியும், அது போதும். தேர்வுக்குப் படி. சூடாகச் சாப்பிடு.

அப்பா


ரூசே
10 பிப்ரவரி 2019

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று சும்மா எழுதவில்லை. நிஜமாகவே ஆவல். போன கடிதம் ஏழு வரிகூட இல்லை. நீங்கள் முட்டைக்கோஸைக்கூடத் திட்டவில்லை. ஜிவ்கோ மாமா எப்போதும் என் பிறந்தநாளுக்கு ஓர் அசட்டு நகைச்சுவை எழுதி அனுப்புவார், இந்த வருஷம் வரவில்லை. இஸ்க்ராவிடமிருந்தும் புத்தாண்டுக்குப் பிறகு ஒன்றும் இல்லை. கப்பலில் எல்லோருக்கும் என்ன ஆயிற்று?

என் பக்கத்துச் செய்தி. மிதோவா எனக்கு ஆறுக்கு மூன்று கொடுத்தார். தேறினேன், அவ்வளவுதான். பிளாமெனுக்கு இரண்டு, அதாவது தோல்வி. மூன்று பேரைத் தவிர யாருக்கும் நான்கு வரவில்லை. உடனே என்ன நடந்திருக்கும் என்று ஊகித்திருப்பீர்கள். பிளாமென் ஒரு மனு எழுதினான். மதிப்பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ‘குழந்தைகளைக் காப்போம்’ என்று தலைப்பு. அவனுக்கு இருபத்தொரு வயது, அப்பா, தாடி வைத்திருக்கிறான். “தாய்மை ஒரு நோய்” என்று மிதோவா வகுப்பில் சொன்னதாக அதில் இருக்கிறது. அவர் அப்படிச் சொல்லவில்லை. நான் அங்கே இருந்தேன்.

மனு இணையத்தில் ஓடியது. கல்லூரி வாசலையே மிதிக்காதவர்கள் எல்லாம் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். பெயர்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். யார் பெயர் இருந்தது தெரியுமா? அம்மாவுடையது.

தொலைபேசியில் கேட்டேன். “ஆமா, எதிர்வீட்டுக்காரி அனுப்பிச்சா, போட்டேன். யாரோ ஒரு பைத்தியக்காரி பிள்ளைங்களைக் கெடுக்கிறாளாம்.”

“அம்மா, அது என் வாத்தியார்.”

“நீ குடும்பவியல்ல படிக்கிறே?”

“அதுதாம்மா இது.”

அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது. அப்புறம், “சரி, கையெழுத்தை எப்படி எடுக்கறது? அதுக்கு எங்க பொத்தான் இருக்கு?” என்றாள். பொத்தான் இல்லை, அப்பா. போடத்தான் பொத்தான் இருக்கிறது.

மார்ச்சில் டீன் விசாரணை வைக்கிறார். வகுப்பில் இருந்தவர்கள் வந்து சொல்லலாமாம். பாடம் பிடித்தவர்கள் எல்லோருக்கும் அன்றைக்கென்று பல்வலி. தெயோதோராகூட, “எனக்கு உதவித்தொகை இருக்குடி, நான் எதுக்கு வாயைக் கொடுக்கணும்?” என்கிறாள். எனக்கு அவரைக் கண்டாலே ஆகாது. நான் போய் அவருக்காகப் பேசுவதா? நீங்களே சொல்லுங்கள்.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்
பிலி


கப்பலிலிருந்து
21 பிப்ரவரி 2019

அன்பு மகளுக்கு,

உடம்பு பரவாயில்லை. தூக்கம்தான் சரியில்லை.

கேட்டாய், சொல்கிறேன். போகாதே. நீ அங்கே இருந்தாய் என்பதற்காக எழுந்து நின்று சொல்லியே தீரவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. பார்ப்பது வேறு, சாட்சி சொல்வது வேறு. சொன்ன பிறகும் நீ அவர்களோடுதான் ஒரே வகுப்பில் உட்கார வேண்டும், ஒரே மேசையில் சாப்பிட வேண்டும், கதவை மூடினால் பக்கத்து அறையில் அவர்கள் மூச்சு விடுவது கேட்கும். உன் பேராசிரியை நாளைக்கு ஓய்வூதியம் வாங்கிக்கொண்டு போய்விடுவாள். நீ எங்கே போவாய்? ஒரு மனிதரைப் பல வருஷம் தெரியும் என்றால், ஒரு நாள் நடந்ததை வைத்து அவர் தலையில் கல்லைப் போட முடியாது. எல்லாவற்றையும் நிறுத்துப் பார்க்க வேண்டும். இதெல்லாம் உன் வயதில் புரியாது.

இஸ்க்ரா டர்பனில் இறங்கிவிட்டாள். வயிறு சரியில்லை என்று சொன்னார்கள். ஜிவ்கோ நலம்.

அம்மாவைத் திட்டாதே.

அப்பா


ரூசே
1 மார்ச் 2019

அப்பாவுக்கு,

இன்று மார்ச் முதல் தேதி, வசந்த நூல் கட்டும் நாள். தெயோதோரா என் மணிக்கட்டில் சிவப்பும் வெள்ளையுமாக நூல் கட்டிவிட்டாள். உங்களுக்கு ஒன்று எடுத்து வைத்திருக்கிறேன், எல்லா வருஷமும் மாதிரி. நீங்கள் சுகமாக இருக்க வேண்டும்.

உங்கள் கடிதத்தைப் பலமுறை படித்தேன். நான் மிதோவாவைப் பற்றிக் கேட்டேன். நீங்கள் வேறு யாரைப் பற்றியோ பதில் எழுதியிருக்கிறீர்கள்.

அதனால் இஸ்க்ராவுக்குத் தொலைபேசி செய்தேன். புர்காஸில் அம்மா வீட்டில் இருக்கிறாள். வயிற்றுக்கு ஒன்றுமில்லையாம். என்ன நடந்தது என்று கேட்டேன். சொன்னாள். ஜிவ்கோ மாமா அவள் அறைக்குள் எப்படி வந்தார், கதவை எப்படிச் சாத்தினார், அவள் எப்படித் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள் எல்லாம் சொன்னாள். கேப்டன் எல்லோரையும் கூப்பிட்டு யாராவது பார்த்தீர்களா என்று கேட்டதையும் சொன்னாள்.

“உங்க அப்பா நடைபாதை முனையில நின்னார். என்னைப் பாத்தார். அவர் சொல்லுவார்னு நினைச்சேன்” என்றாள். உங்களைத் திட்டவில்லை. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

எனக்கு வேறு எழுத வரவில்லை.

பிலியானா


ரூசே
29 மார்ச் 2019

அப்பாவுக்கு,

நான் நலம். நீங்களும் நலமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். பதில் வரவில்லை. கப்பலின் இணைப்பு கெட்டுவிட்டது என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன்.

விசாரணை முடிந்தது. நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் எழுதுகிறேன்.

நான் போனேன். டீன், இரண்டு பேராசிரியர்கள், பெற்றோர் சார்பில் ரோமக் கழுத்து வைத்த கோட்டோடு ஓர் அம்மாள். மிதோவா ஓரத்தில் உட்கார்ந்து எதையோ படித்துக்கொண்டிருந்தார். மாணவர்களில் பேச வந்தது பிளாமெனும் அவன் கூட்டாளிகள் நான்கு பேரும், அப்புறம் நானும்.

ரோமக்கோட்டு அம்மாள் என்னிடம், “தாங்க முடியாதவர்னு எழுதினது நீதானாமே? சொல்லும்மா, பயப்படாதே” என்றாள். குரலில் தேன்.

“நான்தான். ஆனா அது பாதிதான். பாடம் ரொம்ப நல்லதுன்னும் எழுதியிருந்தேன்.”

“சரி சரி. ஆனா தாங்க முடியாதவர்ங்கறது நிஜம்தானே?”

“நிஜம். இப்பவும் தாங்க முடியல” என்றேன். மிதோவா முதல்முறையாகத் தலையைத் தூக்கினார்.

டீன் இருமினார். “அப்ப மனுவுல இருக்கறது சரிங்கறியா?”

“இல்ல சார். தாய்மை நோய்னு அவங்க சொல்லல. ‘பிள்ளை பெத்துக்கறதால யாரும் நொடிஞ்சு போறதில்ல. நாலு மணிக்கு மூடற காப்பகமும் ஆறு மணிக்கு விடற வேலையும் சேர்ந்துதான் நோகடிக்குது’ன்னு சொன்னாங்க. நான் எழுதி வச்சிருக்கேன்.”

“பொய்” என்றான் பிளாமென்.

“நீ என் பக்கத்துலதான் இருந்தே. தூங்கிட்டிருந்தே. குளிருதுன்னு முனகினே, என் கோட்டை எடுத்து உன் மேல போட்டேன். திருப்பித் தரும்போது எச்சில் ஒழுகி இருந்துச்சு.”

டீன்கூடச் சிரித்துவிட்டார். பிளாமெனின் கூட்டாளி ஒருவன் தலையைக் குனிந்துகொண்டு, “எனக்கும் அப்படித்தான் ஞாபகம்” என்றான். அந்தத் தைரியத்தில் நான் மேலே போனேன். அவருடைய பழைய மாணவிகள் பலர் அவரால்தான் வாழ்க்கையில் முன்னேறினார்கள் என்றும் சொன்னேன். நன்றாகத்தான் பேசினேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

முடிவு என்ன தெரியுமா? குற்றச்சாட்டுக்கு ஆதாரம் இல்லை. ஆனாலும் ‘பெற்றோரின் கவலையைக் கருத்தில் கொண்டு’ பாடம் அடுத்த ஆண்டு நிறுத்தி வைக்கப்படுகிறது. ஆதாரம் இல்லை, ஆனாலும் நிறுத்தம். எந்தச் சுவரில் போய் முட்டிக்கொள்வது? ‘குடும்ப நலம்’ என்று பெயர் மாற்றி நடத்தலாமே என்று அவரைக் கேட்டார்களாம். மாட்டேன் என்று ஓய்வுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்.

தாழ்வாரத்தில் அவர் பின்னால் ஓடினேன். “மேடம், நான் சொன்னது பத்தலையா?”

“நீ சொன்னதுல மூணு விஷயம். ரெண்டை நீ நேர்ல பார்த்தே, கேட்டே. மூணாவது, என் பழைய மாணவிகள் கதை, அது கேள்விப்பட்டது. கேள்விப்பட்டதைச் சாட்சியா சொல்லாதே. பார்த்ததோட மதிப்பும் போயிடும்.”

அவ்வளவுதான், அப்பா. நன்றி கிடையாது. என் பெயரைக்கூடச் சொல்லவில்லை. கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தேன், அழுதுகொண்டிருப்பாரோ என்று. குடையை எங்கே வைத்தோம் என்று தேடிக்கொண்டிருந்தார். கடைசியில் நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

எல்லோர் மேலும் எரிச்சலாக இருக்கிறது. பிளாமென் மேல், டீன் மேல், அவர் மேல், பல்வலிக்காரர்கள் மேல். ஆனால் போனதற்காக வருத்தப்படவில்லை. நீங்கள் சொன்ன மாதிரி எல்லோரோடும் ஒரே வகுப்பில்தான் உட்காருகிறேன். அப்படி ஒன்றும் ஆகிவிடவில்லை. பிளாமென் என்னோடு பேசுவதில்லை, அது ஒரு லாபம்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிலியானா


அல்ஜெசிராஸ் துறைமுகம்
22 ஏப்ரல் 2019

அன்பு மகள் பிலியானாவுக்கு,

இணைப்பு கெட்டிருந்தது என்று நீ அம்மாவிடம் சொன்னது நல்லது. கெடவில்லை. தினமும் உட்கார்ந்து எழுதுவேன், அழிப்பேன். நீ சுகமா? நூல் இன்னும் கையில் இருக்கிறதா, பூத்த மரத்தில் கட்டிவிட்டாயா?

அன்றைக்குப் புத்தாண்டு மத்தியானம். எல்லோரும் சாப்பாட்டறையில் படம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கண்ணாடியை எடுக்க அறைக்குப் போனேன். இஸ்க்ராவின் கதவு திறந்தது. அவள் வெளியே வந்தாள். அங்கியின் கை தோளிலிருந்து கிழிந்து தொங்கியது. பின்னாலேயே ஜிவ்கோ வந்தான். என்னைப் பார்த்ததும், “லியூபென், சும்மா ஒரு விளையாட்டு” என்றான். நான் திரும்பி நடந்து என்ஜின் அறைக்கு இறங்கிவிட்டேன். கேப்டன் கேட்டபோது, நான் கீழே இருந்தேன் என்றேன். இது நடந்தது ஜனவரியில். நான் உனக்குப் பம்பைப் பற்றி எழுதிய வாரம்.

உன் மார்ச் முதல் தேதிக் கடிதம் வந்த அன்று ஜிவ்கோவைக் கூப்பிட்டேன். “நீயே கேப்டன்கிட்ட போய்ச் சொல்லு” என்றேன். “யாருக்கு? அந்தப் பொண்ணுக்காகவா? உன் பொண்ணுக்குப் பேர் வச்சவன் நான்டா” என்றான். அதைத்தான் நானும் எனக்குள்ளேயே சொல்லிக்கொண்டிருந்தேன். அவன் வாயில் கேட்டபோது அசிங்கமாக இருந்தது. ஆனாலும் எழுதத் துணிவு வரவில்லை.

அப்புறம் உன் விசாரணைக் கடிதம் வந்தது. அதைப் படித்துவிட்டுக் கம்பெனிக்கு எழுதினேன். உன் பேராசிரியை சொன்னபடிதான் எழுதினேன். அவள் அங்கியின் கை கிழிந்திருந்ததைப் பார்த்தேன், அவன் வெளியே வருவதைப் பார்த்தேன், அவன் சொன்னதைக் கேட்டேன். உள்ளே நடந்ததை நான் பார்க்கவில்லை, அதை எழுதவில்லை. கேப்டன் கேட்டபோது பொய் சொன்னேன் என்பதையும் எழுதினேன். அந்த அம்மாள் மேல் எனக்கு ஏகப்பட்ட கோபம், பிலி. பார்க்காத ஒரு பொம்பளை என் கப்பலில் வந்து உட்கார்ந்துகொண்டு என் வரிகளைத் திருத்துகிறாள்.

ஜிவ்கோவை இங்கே இறக்கிவிட்டார்கள். அவன் மேல் வழக்கு வரும் என்கிறார்கள். போகும்போது என் பக்கம் திரும்பவில்லை. இந்த மூன்று வாரமாக என்னோடு யாரும் மேசையில் உட்காரவில்லை. உப்பைக் கேட்டால் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போனார்கள். கேப்டன், “இந்தக் கம்பெனியில உங்களுக்கு இனி கப்பல் கிடைக்கும்னு நம்பாதீங்க சீஃப்” என்றார். நம்பவில்லை. நானும் இங்கேயே இறங்குகிறேன்.

இஸ்க்ராவுக்கும் எழுதினேன். பதில் இல்லை. அவள் போட வேண்டும் என்றும் இல்லை.

வெள்ளிக்கிழமை மாலை என் விமானம் நம் ஊர் வர்னாவுக்கு வந்து சேர்கிறது. ஜிவ்கோவின் மனைவி அம்மாவைத் தொலைபேசியில் கூப்பிட்டுக் கத்தியிருக்கிறாள். நான் கூப்பிட்டால் அம்மா எடுப்பதில்லை. கதவைத் திறப்பாளா என்று தெரியவில்லை. உன்னால் முடிந்தால் முன்னாலேயே வீட்டுக்குப் போய், உள்ளே இருந்து திறந்துவிடு. முடியாவிட்டாலும் சரி.

அப்பா


ரூசே
24 ஏப்ரல் 2019

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நூலை வாதுமை மரத்தில் கட்டியாயிற்று. உங்களுடையதையும்.

அம்மாவிடம் பேசினேன். “ஒரே வருஷத்துல அப்பனும் பொண்ணும் ஊர் வாயில விழுந்தாச்சு. நடுவுல நான் ஒருத்தி கையெழுத்து வேற போட்டுத் தொலைச்சேன். ஈஸ்டர் முட்டைக்குச் சாயம் போடறதா, ஜிவ்கோ பொண்டாட்டிக்குப் பதில் சொல்றதா? அவர்தான் வந்து சொல்லணும். சாவி அவர்கிட்ட இருக்குல்ல, திறந்துட்டு வரச்சொல்லு” என்றாள். அப்புறம், விமானத்தில் சாப்பிடக் கொடுப்பார்களா, இல்லை ஏதாவது செய்து வைக்க வேண்டுமா என்று கேட்டாள். முட்டைக்கோஸ் மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

இஸ்க்ரா என்னிடம் பேசினாள். உங்கள் கடிதத்தைப் படித்திருக்கிறாள். “என்ன பதில் போடறதுன்னு தெரியல. போடாமலே இருக்கேன், பரவாயில்லையா?” என்று கேட்டாள். பரவாயில்லை என்றேன். ஜூனில் வேறு கப்பலில் ஏறுகிறாள்.

என் கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். ஜனவரிக்கும் ஏப்ரலுக்கும் நடுவில் அவள் புர்காஸில் ஒரு அறைக்குள்ளேயே இருந்தாள். அதைப் பற்றி நாம் பேச வேண்டும், சாவகாசமாக, அம்மாவும் இருக்கும்போது.

வெள்ளிக்கிழமை காலைப் பேருந்தில் கிளம்புகிறேன். வீட்டுக்குப் போகவில்லை. நேராக விமான நிலையத்துக்கு வந்து வாசலில் நிற்கிறேன். பெட்டியை நீங்கள் தூக்க வேண்டாம், முழங்கால் கெட்டுவிடும்.

பிலி